போர்டுக்காரர் வரைந்த ஓடை

முப்பது வருஷமாகக் கடைப் பலகை எழுதும் போர்டுக்காரருக்கு இப்படியொரு தலைவலி வாய்த்ததில்லை. பள்ளிக்கூடச் சுவரில் ஊர் ஓடையை வரைய வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று வந்தவர் நான்காம் நாளும் ஏணியில் நின்றார்.

எல்லாம் டீச்சரால் வந்தது. "ஓடை மட்டும் போதாதுங்க. எங்கெல்லாம் மழை விழுந்தா இந்த ஓடைக்கு வருமோ, அந்த இடம் முழுக்க வேணும். அதுதான் நீர்ப்பிடிப்புப் பகுதி" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார். சொல்வதற்கு வாயா வலிக்கப் போகிறது? மேட்டைச் சுற்றிக் கோடு இழுத்து, தெருத் தெருவாக அம்புக்குறி போடுகிறவனுக்கல்லவா இடுப்பு ஒடிகிறது.

போதாததற்கு மூன்றாம் வகுப்பு முழுக்க ஏணிக்கடியில். எங்கள் வீடு எங்கே, எங்கள் மாடித் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று ஆளாளுக்குக் கேட்டு அவருடைய தொண்டைத் தண்ணீரை வற்ற வைத்தார்கள். கடைசியில் ஒரு காகிதத்தைக் கசக்கிப் பாதி விரித்து, அதன் மேல் நீலப் பெயிண்டைச் சொட்டவிட்டார்.

"இந்த மடிப்புதான் மேடு. இந்தப் பக்கம் விழுந்தா நம்ம ஓடைக்கு. அந்தப் பக்கம் விழுந்தா வேற ஓடைக்கு. புரிஞ்சுதா? இனி யாரும் என் உயிரை வாங்கக் கூடாது."

"சித்தப்பா, எங்க வீடு எங்க?" என்றாள் ஒருத்தி. அண்ணன் மகள்.

அண்ணனும் அவரும் அப்பாவின் வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பாகம் பிரித்தவர்கள். முன்பாதி இவருக்கு, மேட்டிலிருக்கும் பின்பாதி அண்ணனுக்கு. பேச்சுவார்த்தை நின்று ஆறு வருஷம். அண்ணன் முற்றத்துத் தண்ணீர் சுவரடித் துளை வழியாக இவர் முற்றத்துக்கு வந்துதான் தெருவில் இறங்க வேண்டும். போன வருஷம் வீம்புக்கு அந்தத் துளையைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டார். இந்த வருஷ மழை தொடங்க இன்னும் பத்து நாள்கூட இல்லை. அண்ணனும் கேட்கவில்லை, இவரும் இறங்கி வரவில்லை. படத்திலும் எல்லைக் கோட்டை வளைத்து, தன் பாதியை மட்டும் உள்ளே வைத்திருந்தார்.

"உங்க பாதி மேட்டுக்கு அந்தப் பக்கம்மா. அந்தத் தண்ணி வேற ஓடைக்குப் போகும்" என்றார். பச்சைப் பொய்.

அவள் கோபப்படவில்லை. "எந்த ஓடைக்கும் போகல சித்தப்பா. மழை பெஞ்சா அடுப்படியிலதான் நிக்குது. அம்மா ஸ்டவ்வைத் தூக்கிக் கட்டில் மேல வச்சுத்தான் சமைப்பாங்க."

"அப்போ அம்புக்குறியை அடுப்படிக்குப் போடுங்க" என்றாள் பக்கத்திலிருந்தவள், வெகு அக்கறையாக.

போர்டுக்காரருக்கு எரிச்சல் தலைக்கேறியது. யார் மேல் காட்டுவது? முப்பது வருஷத்தில் ஒரு ஒற்றெழுத்துகூடத் தப்பாக எழுதாதவர், தூரிகையை டப்பாவில் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

உளியும் சுத்தியலும் எடுத்துச் சுவரடியில் உட்கார்ந்து சிமெண்டைக் கொத்தினார்.

"என்னடா பண்ற அங்க?" ஆறு வருஷம் கழித்து அண்ணனின் குரல்.

"படம் தப்பா வந்துருச்சுண்ணே. தண்ணி ஊத்திப் பாரு."

அந்தப் பக்கம் வாளி உரசும் சத்தம் கேட்டது. பிறகு தண்ணீர் வந்தது. சிமெண்ட் தூளோடு அவர் காலை நனைத்துக்கொண்டு தெருவைப் பார்த்துப் போனது.

"துளை பத்தாதுடா" என்றார் அண்ணன். "இன்னும் கொஞ்சம் வெட்டு."