நிறையாத குழி

கழிவுக்குழி எடுப்பதில் அந்தக் கொத்தனாரை மிஞ்ச ஆள் கிடையாது. பள்ளிக்கூடம் போனது நான்கு வருடம். மற்றதெல்லாம் கடப்பாரை கற்றுக்கொடுத்தது. சுண்ணாம்புப் பாறை நிலம் அது; ஆறடியில் கல் தட்டும். அதில் வெடிப்பு தென்படும்வரை தோண்டுவார். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் காதை வைத்துக் கேட்பார். சளசளவென்று உள்ளே இறங்கினால் வேலை முடிந்தது. அப்படிப்பட்ட குழி லேசில் நிறையாது.

"உன் குழியும் என் மச்சான் வயிறும் ஒண்ணுப்பா. எவ்வளவு போட்டாலும் போதும்னு சொல்லாது," என்பார் எதிர்வீட்டுப் பால்காரர்.

தன் வீட்டுக்கு எடுத்த குழிதான் கொத்தனாருக்குப் பெருமை. பதினாறு வருடத்தில் ஒரு முறைகூடக் கழிவு லாரியைக் கூப்பிட்டதில்லை.

சரிவுக்குக் கீழே, ஒன்றரை கிலோமீட்டரில், தங்கை வீடு. அந்த மழைக்காலத்தில் அவளுடைய ஏழு வயது மகள் வயிற்றுப்போக்கு கண்ட மூன்றாம் நாள் இறந்துபோனாள். கிணற்றில் கழிவு கலந்திருப்பதாகப் பரிசோதனை சொன்னது.

"எங்கிருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியணும்ணே. வேற ஒண்ணும் வேண்டாம்," என்றாள் தங்கை.

"கண்டுபிடிச்சிடலாம்மா."

எந்தக் குழியின் தண்ணீர் கிணற்றுக்குப் போகிறதென்று பார்க்க நீர் ஆய்வாளர் அம்மா பச்சைச் சாயத்தோடு வந்தபோது கொத்தனார்தான் முன்னால் நின்றார். "முதல்ல என் குழியில ஊத்துங்க, மேடம். என்னுது இல்லைன்னு கழிச்சிட்டு மத்ததைப் பார்க்கலாம். போற வழியில பாறையே வடிகட்டிடும்."

"மணல்னா வடிகட்டும்," என்றார் ஆய்வாளர். "மழைத்தண்ணி மண்ணுல இறங்கும்போது லேசாப் புளிப்பேறும். அது சுண்ணாம்புக்கல்லை அரிக்கும். தலைமுடி அளவுல ஆயிரம் வெடிப்பு இருந்தாலும், எது கொஞ்சம் அகலமோ அதுலதான் தண்ணி அதிகமா ஓடும். ஓட ஓட அது இன்னும் அகலமாகும். மத்ததெல்லாம் அப்படியே நின்னுடும், இது மட்டும் குழாயா ஆயிடும். ஆயிரக்கணக்கான வருஷத்து வேலை. குழாய் எதை வடிகட்டும், சொல்லுங்க?"

காலை எட்டு மணிக்குக் கொத்தனார் சாயத்தைத் தன் கையாலேயே ஊற்றினார். பின்னாலேயே ஒரு லாரித் தண்ணீரும் இறங்கியது. குழி மடமடவென்று குடித்தது.

மறுநாள் நண்பகல். தங்கைதான் கிணற்றில் வாளியை விட்டு இழுத்தாள். தண்ணீர் இளம்பச்சையாக இருந்தது. ஆய்வாளர் குப்பியில் பிடித்து, நேரத்தை எழுதிக்கொண்டு, தள்ளிப் போய் நின்றார்.

"எந்தக் குழியில ஊத்தினீங்க?" என்று தங்கை அண்ணனிடம் கேட்டாள்.

"ஒண்ணுலதாம்மா ஊத்தினோம்."

"எதுல?"

"நம்ம வீட்டுக் குழியில."

அவள் வாளியைக் கீழே வைத்தாள். "அடியில வெடிப்பு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"எவ்வளவு?"

அவர் இரண்டு விரல்களைச் சேர்த்துக் காட்டினார்.

"அன்னைக்கே பார்த்தீங்களா?"

"பார்த்தேன்மா. நல்ல இடம் கிடைச்சுதுன்னு சந்தோஷப்பட்டேன்."

தங்கை அழவில்லை. அந்த இரண்டு விரல்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை. அவராலும் உள்ளே போக முடியவில்லை.

அதன்பின் அவர் புதுக்குழி எதையும் எடுக்கவில்லை. தான் எடுத்த முப்பத்தெட்டுக் குழிகளையும் தேடிப்போய், வெடிப்பை அடைத்துச் சிமெண்டுத் தொட்டி கட்டிக்கொடுத்தார். சாகும்வரை ஒவ்வொரு வேலை முடிந்ததும் தங்கை வீட்டு வாசலில் நின்று, "இன்னொண்ணு அடைச்சாச்சும்மா," என்பார்.

"சரிண்ணே," என்பாள் அவள் உள்ளிருந்து.