பீரங்கிப் பெடல்

லம்பெர்ட் ஹோல்சர் என்னை முதன்முதலாக அடித்தது பியானோ மூடியால். எனக்கு அப்போது ஒன்பது வயது. சுண்டுவிரல் தட்டையாகக் கிடக்கிறது என்று இரண்டு முறை சொன்னார். அடுத்த முறை சொல்லவில்லை, மூடியைச் சாத்திவிட்டார். நகம் கறுத்து விழுந்து புதிதாக முளைத்தது. அந்த விரலை வைத்துக்கொண்டு ஒடெஸ்ஸா வரை போய் வாசித்துச் சாப்பிட்டேன் என்பது உண்மை. அந்த மூடியை நான் இன்னும் மன்னிக்கவில்லை என்பதும் உண்மை.

வியன்னாவின் லியோபோல்ட்ஸ்டாட் பகுதியில் அவரைத் தெரியாதவர் கிடையாது. தெரிந்தது இசையால் அல்ல, சத்தத்தால். அவருடைய அப்பா காலாட்படையில் முரசடித்தவர். வீட்டில் முரசு இல்லாத நேரத்தில் மகனுடைய முதுகு இருந்தது. தாளம் தனக்கு அப்படித்தான் ஏறியது என்று ஹோல்சர் பெருமையாகவே சொல்வார். பத்து வயதில் பிரெஞ்சுக்காரர்கள் வியன்னாவின் மேல் குண்டு போட்டபோது, அவருடைய தங்கை நானெட் தண்ணீர் எடுக்க முற்றத்துக்கு இறங்கினாள். குண்டு சீட்டியடித்துக்கொண்டு வந்தது. "சீட்டி கேட்டுச்சு, புகை தெரிஞ்சுது. வெடிச்ச சத்தம் மட்டும் என் காதுல விழவே இல்ல" என்று ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறார். தங்கையைக் கூடையில் அள்ளினார்கள்.

போர் ஓய்ந்து ஐரோப்பாவின் அரசர்கள் எல்லாரும் எங்கள் ஊரில் கூடி நடனமாடிய குளிர்காலத்தில், பதினைந்து வயதில் ஹோல்சர் 'முற்றுகை' என்ற பியானோப் பாட்டை எழுதினார். அப்போது எல்லாப் பியானோவிலும் பீரங்கிப் பெடல் இருந்தது. மிதித்தால், அடியில் இருக்கும் தோல் சுற்றிய கொட்டாப்புளி ஒலிப்பலகையில் 'தொம்' என்று மோதும். போர்ப் பாட்டு எழுதியவர்கள் எல்லாரும் மிதித்தார்கள். ஹோல்சர் மிதித்தது வேறு விதம். சீமாட்டிகள் காதைப் பொத்திக்கொண்டு கீச்சிட்டார்கள். பிறகு இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்கள்.

பாட்டின் நடுவில் வலது கை உச்சத்திலிருந்து சீட்டிபோல வழுக்கி இறங்கும். அடுத்து எல்லாரும் பீரங்கியை எதிர்பார்க்கும் இடத்தில் எதுவும் இருக்காது. கை மடியில், கால் தரையில். அந்த வெற்றிடம்தான் நானெட்.

பதிப்பாளர் அதை மறதி என்று நினைத்தார். அச்சில் அந்த இடத்தில் ஒரு பெடல் குறி சேர்த்துவிட்டார். ஹோல்சர் கடைக்குப் போனார், அந்தப் பக்கத்தின் அச்சுத் தகட்டைக் கையில் எடுத்தார், அதைப் பதிப்பாளர் தலையில் இறக்கினார். பதிப்பாளருக்கு ஒரு காது போயிற்று. ஹோல்சருக்குச் சிறை. வெளியே வந்தபின் அவர் எழுதியதை யாரும் அச்சிடவில்லை. ஊரின் ரசனையும் மாறியது. நிலவொளி, நீரோடை, பெருமூச்சு என்று வாசிக்கும் மெலிந்த இளைஞர்கள் வந்தார்கள். புதுப் பியானோக்களில் பீரங்கிப் பெடல் இல்லை. பழையதை வைத்திருந்தவர்களும் பெடலைக் கழற்றிப் போட்டார்கள். ஹோல்சர் வீட்டுக்குக் குறடோடு வந்த சுருதி சேர்ப்பவரை அவர் மாடிப்படியில் உருட்டிவிட்டார்.

அதன்பின் வாழ்க்கை முழுக்கப் பாடம், அடி, பாடம். அவரைத் திருப்பி அடித்த ஒரே ஆள் மனைவி கிரெசென்ஸ். ரொட்டிக்காரர் மகள், கையில் மாவுப் பலகை. கீழ்த்தளத்தில் கசாப்புக்கடை பிரிங்கல். மேலே 'தொம்' கேட்டால் அவர் கத்திப்பிடியால் கூரையை இடிப்பார்.

"யோவ் வாத்தியாரே! என் மாடு ஏற்கெனவே செத்தாச்சுய்யா, நீ வேற எதுக்கு அதைக் கொல்றே?"

"உன் கறிய மெல்றதவிட இது மேல்டா!"

ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தெட்டாம் ஆண்டு அக்டோபரில் நான் ஒடெஸ்ஸாவில் இருந்தேன். இனி சொல்வது, கிரெசென்ஸ் சமையலறையில் சொன்னதும் பிரிங்கல் குறுக்கே புகுந்து திருத்தியதும்.

நகரம் சக்கரவர்த்திக்கு எதிராக எழுந்து நின்றது, அவருடைய படை வளைத்துக்கொண்டது. எங்கள் தெருவின் தடுப்பரண் விழுந்த அன்று பிற்பகல், சக்கரவர்த்தியின் சிவப்பு மேலங்கிச் சிப்பாய்கள் வீடு வீடாக வந்தார்கள். எந்த வீட்டிலிருந்து வெடிச்சத்தம் கேட்கிறதோ அந்த வீட்டில் இருப்பவர்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுவிட்டு, வீட்டைக் கொளுத்துவார்கள். இது தெரு முழுக்கத் தெரியும். எதிர்வீட்டில் அப்போதுதான் அது நடந்து முடிந்திருந்தது. தறிக்காரரும் அவருடைய இரண்டு மகன்களும் வாசலிலேயே கிடந்தார்கள்.

"இன்னிக்கு மட்டும் அந்தப் பெட்டிகிட்ட போகாதீங்க. கும்பிட்டுக் கேக்கறேன்" என்றார் கிரெசென்ஸ்.

"நான் எங்க போறேன்? அந்தக் கழுதைங்க சுடறதக் கேளு. தாளமா இது? கண்ட இடத்துல போடறான் பாரு!"

"கொல்றதுக்குத் தாளம் வேற வேணுமா உங்களுக்கு?"

அவர் விரல்கள் மேசையில் 'முற்றுகை'யை வாசித்துக்கொண்டிருந்தன. எப்போது எழுந்து பியானோவுக்குப் போனார் என்று கிரெசென்ஸ் பார்க்கவில்லை. மெதுவாகத்தான் வாசித்தார். வலது கை சீட்டியடித்து இறங்கியது. வெற்றிடம் வந்தது. அதே நேரத்தில் உண்மையான குண்டு ஒன்று சீட்டியடித்து வந்து பின்முற்றத்தில் விழுந்து, வெடிக்காமல் சேற்றில் புதைந்தது. ஹோல்சர் "போடுடா!" என்று அலறிக்கொண்டு, வாழ்நாளில் முதல்முறையாக அந்த இடத்தில் மிதித்தார்.

சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அடியில் ஏதோ முறிந்து விழுந்தது. தெருவில் யாரோ வேற்று மொழியில் கத்தினார்கள்.

கதவு உடைந்தது. ஒரு சார்ஜெண்டும் ஐந்தாறு சிப்பாய்களும் ஏறி வந்தார்கள், பிரிங்கலை மயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு. அவரையும் கிரெசென்ஸையும் மேல்தளத்துத் தையல்காரக் குடும்பத்தையும் சுவரோரம் நிறுத்தினார்கள்.

"துப்பாக்கி எங்க?" என்றார் சார்ஜெண்ட்.

"இந்த ஆளுதான்! துப்பாக்கி இல்ல எசமான், பியானோ! பியானோவால சுட்டான்!" என்றார் பிரிங்கல்.

சார்ஜெண்ட் துப்பாக்கிக் கட்டையால் அவர் வாயில் இடித்தார். பிரிங்கல் இரண்டு பற்களைத் தரையில் துப்பிவிட்டு, "சத்தியமா பியானோதான்" என்று மறுபடியும் சொன்னார்.

ஹோல்சர் ஓடிப்போய்ப் பெடலை மிதித்தார். எதுவும் கேட்கவில்லை. கொட்டாப்புளியின் தலை முறிந்து தரையில் கிடந்தது. சார்ஜெண்ட் சிரித்தார். சிப்பாய்கள் துப்பாக்கியைத் தூக்கினார்கள்.

"இருங்க! சத்தத்தக் கேட்ட ஆளு யாரு?" என்றார் ஹோல்சர்.

தெருமுனையில் நிற்கும் சிப்பாய் என்றார்கள்.

"அவன் அங்கயே நிக்கட்டும். நான் அதே சத்தத்த வரவைக்கறேன். அவன் இல்லன்னு சொன்னா சுடுங்க."

பிரிங்கல் தன் இடுப்பில் தொங்கிய, கறி தட்டும் மரச் சுத்தியலை எடுக்கப் போனார். துப்பாக்கிக் கத்தி அவர் வயிற்றில் முட்டி நின்றது. யாரும் கையில் எதையும் எடுக்கக் கூடாது.

"அது வேணாம். மரத்த மரத்தால அடிச்சா 'டக்'குன்னுதான் கேக்கும். சதை வேணும்" என்றபடி ஹோல்சர் பியானோவுக்கு அடியில் புகுந்து மல்லாக்கப் படுத்தார். இடது கை முட்டியால் பலகையைக் குத்தினார்.

சார்ஜெண்ட் சன்னல் வழியாகக் கூவினார். கீழேயிருந்து பதில் வந்தது.

"இல்லையாம்."

மறுபடியும் குத்தினார்.

"இல்ல. இதவிடப் பெருசாம்."

ஹோல்சரின் இடது கை எப்போதுமே பலம் குறைந்தது. எங்களை எல்லாம் அடித்தது வலது கைதான், 'முற்றுகை'யில் சீட்டியடித்ததும் அதுதான். "அவரு வலது கையத் தூக்கி ஒரு தடவ பாத்தாரு. நான் வேணாம்னு சொல்லல. சொல்லியிருக்கணுமா?" என்று கிரெசென்ஸ் என்னைக் கேட்டார். அந்தச் சுவரோரம் தையல்காரரின் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்றவர் அவர்.

வலது கையால் குத்தினார். பியானோவின் கம்பிகள் எல்லாம் முனகின.

"இன்னும்!"

தோல் கிழிந்தது. ரத்தம் அவர் கண்ணில் சொட்டியது. அடுத்த குத்தில் விரல் எலும்புகள் முறிந்த சத்தம் அறை முழுக்கக் கேட்டது. சார்ஜெண்ட் சிரிப்பதை நிறுத்தினார்.

"இன்னும் கொஞ்சம், வாத்தியாரே" என்றார் பிரிங்கல், ரத்தவாயோடு அழுதுகொண்டு. "இன்னும் ஒண்ணே ஒண்ணு."

ஹோல்சர் தோளிலிருந்து கையை எறிந்தார். ஒலிப்பலகை நெடுக்கப் பிளந்தது. 'தொம்' என்று தெரு அதிர்ந்தது. கீழேயிருந்து சிப்பாய் உற்சாகமாகக் கத்தினான்.

"அதேதானாம்" என்றார் சார்ஜெண்ட். போகும்போது சுவர்க்கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டார். ஒரு சிப்பாய் சும்மா போகப் பிடிக்காமல் பியானோக் கம்பிகளைக் கத்தியால் குத்திவிட்டுப் போனான்.

அந்த வரிசையில் எரியாத வீடு எங்கள் வாத்தியாருடையது மட்டும்தான்.

சென்ற மாதம் நான் திரும்பி வந்தபோது அவர் வேறொரு பியானோவின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சிறுமிக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். வலது கை கொக்கிபோல மடங்கி மார்பில் ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் நலம் விசாரிக்கவில்லை.

"எங்க, அந்தச் சுண்டுவிரலக் காட்டு."

காட்டினேன்.

"ம். ஒழுங்காத்தான் இருக்கு. மூடிக்கு நன்றி சொன்னியா?"

"உங்களையும் சேத்துத் திட்டிட்டுத்தான் இருக்கேன்."

"அடிக்கறத விட்டுட்டாரா?" என்று கிரெசென்ஸிடம் கேட்டேன்.

"முன்னாடி பிள்ளைங்களுக்கு இடது கன்னம் வீங்கும். இப்ப வலது கன்னம். அவ்வளவுதான்."

மதியம் மூலையில் இருக்கும் சாப்பாட்டுக் கடைக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். வேகவைத்த மாட்டிறைச்சியும் முள்ளங்கித் துவையலும் வந்தன. ஹோல்சரின் தட்டைக் கேட்காமலே பிரிங்கல் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, கறியைச் சிறு துண்டுகளாக வெட்டத் தொடங்கினார். தினமும் இப்படித்தான் என்று கிரெசென்ஸ் கண்ணைக் காட்டினார்.

"பெருசு பெருசா வெட்டறே. கசாப்புக்காரனுக்கு வெட்டத் தெரியலைன்னா யாருக்குய்யா தெரியும்?"

"ரெண்டு பல்லு போனவன் நானே மெல்றேன், உனக்கென்ன?" என்றார் பிரிங்கல், வெட்டிக்கொண்டே.

பீர் வரத் தாமதமானது. ஹோல்சர் அந்த மடங்கிய கையைத் தூக்கி மேசையில் ஒரு போடு போட்டார். 'தொம்'. அடுத்த மேசைக்காரர் கதவைப் பார்த்தார். பிரிங்கலின் கத்தி பாதிக் கறியில் நின்றது, பிறகு மெதுவாக மீதியை வெட்டியது.