உப்பில்லாத சனிக்கிழமை

வடக்கனந்தல் தனபாக்கியம் சாமியிடமும் சண்டைக்கு நிற்பவள். மழை ஒழுங்காகப் பெய்யட்டும் என்று, புரட்டாசிச் சனிக்கிழமைகளில் உப்பில்லாமல் சாப்பிடுவதாகப் பெருமாளிடம் வேண்டியிருந்தாள்.

எண்பத்தேழில், இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வாரத்துச் சனிக்கிழமை அது. சின்னசேலத்தில் மகள் வீட்டில் இருந்தவள், பஸ் ஓடாததால் ஊருக்கு நடந்தே கிளம்பினாள். ரோட்டில் வெட்டிப் போட்ட புளியமரங்களை ஏறி ஏறித் தாண்டியதில் வேர்வை ஊற்றியது. வழியில் கண்ட பம்ப்செட்டிலெல்லாம் வயிறு முட்டத் தண்ணீர் குடித்தாள். குடிக்கக் குடிக்கக் கால் பஞ்சானது.

அப்போதுதான் கல்வராயன் மலை எழுந்து வந்தது. நீலப் புடவையில் கல்யாணத்துக்குப் போகிறவளைப் போல, வயல்களின் மேல் மிதந்து வந்து அவள் பக்கத்திலேயே நடந்தது.

"இத்தினி நாளா எங்க போயிருந்த?" என்று அதனிடம் கேட்டபடியே தனபாக்கியம் ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

மறியலில் இருந்த நாராயணசாமி ஓடி வந்தார். அவள் முகத்தில் வேர்வை காய்ந்து வெள்ளையாகப் பூத்திருந்தது. தன் தூக்கில் இருந்த மோரில் உப்பைக் கரைத்து நீட்டினார்.

"இன்னிக்கு உப்பு ஆவாதுண்ணா. வெரதம்."

"ஒடம்புல இருந்த உப்பெல்லாம் வேர்வையில போயிடுச்சும்மா. வெறுந்தண்ணியே குடிச்சிக்கினு இருந்தா மயக்கம் ஜாஸ்தியாத்தான் ஆவும். குடி, பெருமாளுக்கு நான் சொல்லிக்கிறன்."

குடித்தாள். கொஞ்ச நேரத்தில் கால் தரையில் பதிந்தது. மலையும் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

"பெருமாளே, உப்ப வுட என்னால ஆவாது. காப்பிய வுட்டுர்றன், ஒத்துக்க" என்று அதட்டிவிட்டு நடந்தாள்.

அதற்குப் பிறகு சாகும்வரை புரட்டாசிச் சனிக்கிழமையில் அவள் காப்பி குடிக்கவில்லை. மழை முன்போலவே தன் இஷ்டத்துக்குப் பெய்தது. மலைதான் ஒருநாளும் எழுந்து வரவில்லை.