தள்ளிக்கொண்டு ஏறிய கணவாய்

போன வாரம் எங்கள் ஜொகூர் மாநிலத்துக் கூலாயில் ஒரு கல்யாண விருந்து. மிளகாய் விழுதில் வதக்கிய நெத்திலி சம்பாலை எடுத்துப் போட்டுக்கொண்டே என் அண்ணன் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்: “என் தங்கச்சி இமயமலையில சைக்கிள் ஓட்டுனா. ஆனா கடைசியில தள்ளிக்கிட்டுதான் போனா!” மேசையே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். ஆனால் விஷயத்தை அப்படியே விட மனசில்லை, உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

சம்பாலில் போடும் பிளாச்சான் என்ற இறால் விழுதின் வாசம் மற்றவர்களுக்கு அம்மா சமையலை ஞாபகப்படுத்தும். எனக்கு லடாக்கைத்தான். லே நகருக்குப் புறப்பட்டபோது, வெறும் பருப்பைத் தின்று யாரால் மலையேற முடியும் என்று ஒரு பாட்டில் சம்பாலைப் பெட்டிக்குள் சொருகினேன். அந்த உயரத்தில் மூடிய பாட்டிலுக்குள் அழுத்தம் ஏறி நிற்கும் என்பது, செனாய் தொழிற்சாலையில் பாதி ஆயுசைத் தரம் பார்த்தே கழித்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? மூடியைத் திருகியதும் பீய்ச்சி அடித்தது. மறுநாள் போட எடுத்து வைத்திருந்த சட்டை மேலேயே. துவைத்தால் அந்தக் குளிரில் காயாது. அப்படியே போட்டுக்கொண்டேன். கார்துங் லா கணவாய்க்குப் பிளாச்சான் மணக்க மணக்க ஏறியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

எதற்கு இந்த வேலை என்று கேட்பீர்கள். காஹாங் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவள் நான். பள்ளிக்கூடம் போக அப்பா ஒரு பழைய சைக்கிள் வாங்கித் தந்திருந்தார். நான் பெரியவளானேன். தண்ணீர் ஊற்றி, சடங்கு செய்து, புதுப் பாவாடையோடு வெளியே வந்து பார்த்தால் என் சைக்கிளில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். “வயசுக்கு வந்த புள்ள சைக்கிள்ல சுத்துனா லயத்துல என்ன பேசுவாங்க?” என்றார் அம்மா. லயம் என்பது எங்கள் வரிசை வீடுகள்; அதற்கு ஏகப்பட்ட வாய். அழுதேன், சாப்பிடாமல் கிடந்தேன். அழுகை போய்விட்டது, கோபம் போகவே இல்லை.

தலை நரைக்கத் தொடங்கிய பிறகு என் சம்பளத்தில் ஒரு சைக்கிள் வாங்கினேன். தொழிற்சாலைத் தோழிகள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு மெர்சிங் வரை ஓட்டினேன். “மூட்டு தேஞ்சிரும், சும்மா கெட” என்றார் அண்ணன். அன்றைக்கே கார்துங் லா சைக்கிள் பயணத்துக்குப் பெயர் கொடுத்தேன். ஒன்றே ஒன்றில் மட்டும் உறுதியாக இருந்தேன்: பின்னால் வரும் வேனில் ஏறி உச்சிக்குப் போகமாட்டேன். என் சைக்கிள் இன்னொருத்தர் கைக்குப் போவதை மறுபடியும் பார்ப்பதாக இல்லை.

ஜொகூரில் மலைக்கு எங்கே போவது? நெடுஞ்சாலை மேம்பாலத்தில் ஏறி ஏறி இறங்கியதுதான் என் பயிற்சி. அங்கே கணவாய் ஏற்றத்தில், சோதனைச்சாவடியைத் தாண்டியதும் பனி உருகி ரோடெல்லாம் சேறு. மூச்சு மூக்கு நுனியோடு திரும்பிப் போனது. ஒரு ராணுவ லாரிக்கு ஒதுங்கி நின்றுவிட்டு மறுபடியும் மிதித்தேன், கால் நகரவில்லை. வழிகாட்டிப் பையன் என் விரலில் ஆக்சிஜன் அளக்கும் கருவியை மாட்டிப் பார்த்தான். ஆபத்தில்லை, ஆனாலும் வேனில் ஏறிவிடுங்கள் என்றான். தோழிகள் இரண்டு பேரும் அதற்குள் வேனில் இருந்தார்கள். “போதும்லா, வந்து ஏறு!” என்று கூப்பிட்டார்கள்.

நான் ஏறவில்லை. சைக்கிளைத் தள்ள ஆரம்பித்தேன். எங்கள் தோட்டத்து ஏற்றத்தில் அரிசி மூட்டையோடு வருகிறவர்கள் எல்லாரும் தள்ளிக்கொண்டுதான் வருவார்கள். அவர்கள் சைக்கிளில் வரவில்லை என்று எவராவது சொன்னதுண்டா? சரிவு குறைந்த இடத்தில் மிதித்தேன், முடியாத இடத்தில் இறங்கித் தள்ளினேன். உச்சியில் கொடிகள் படபடத்துக்கொண்டிருந்தன. அழுதுவிட்டேன். மூக்கு ஒழுக, மூஞ்சி வீங்கி, படத்தில் கண்றாவியாக இருக்கிறேன். அந்தப் படத்தைத்தான் வீட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறேன்.

விருந்திலும் அண்ணனிடம் சொன்னேன்: “ஆமா, தள்ளுனேன். என் சைக்கிள், நான்தான் தள்ளுனேன்.” அவர் குனிந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டார். பாவம், அவராவது எதிரில் உட்கார்ந்து கேலி பண்ண இருக்கிறார்.

அப்படி ஏன் சொல்கிறேன் என்றால், லடாக்கிலிருந்து திரும்பிய கையோடு சைக்கிளைக் காரில் கட்டிக்கொண்டு காஹாங் போனேன். அம்மா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகியிருந்தன. பரவாயில்லை, மற்றவர்கள் பார்க்க லயத்து முன்னால் ஒரு சுற்றாவது ஓட்டிவிட வேண்டும் என்று நினைத்தேன். தோட்டத்து வாசல் தடுப்புக்கம்பியருகே காவலாளி, “மாவ் கெ மானா, காக்?” என்று மலாயில் கேட்டார். எங்கே போகிறீர்கள் அக்கா என்கிறார். “பாலேக் ரூமா” என்றேன். வீட்டுக்கு. உள்ளே தள்ளி இருந்த, எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களை ஒருமுறை பார்த்தார், என்னைப் பார்த்தார், கம்பியைத் தூக்கிவிட்டார்.

லயம் இல்லை. இடித்துவிட்டு அங்கேயும் செம்பனை நட்டிருந்தார்கள். எங்கள் வீடு எந்த மரத்தடியில் இருந்தது என்றுகூடப் புரியவில்லை. இருந்தாலும் ஓட்டினேன். மரங்களுக்கு நடுவே, நிமிர்ந்து உட்கார்ந்து, ஆசை தீர ஓட்டினேன். ஏசுவதற்கு ஒரு ஆளாவது இருந்திருக்கலாம்.