பஸ் வந்து நின்ற மழைப் பகல்

போன வாரம் பருப்புக் கறியை அடுப்பில் வைத்துவிட்டுப் போனில் பேசிக்கொண்டிருந்தேன். அடிப்பிடித்துவிட்டது. மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறந்தாள். எனக்கோ அந்த வாடையில் வரக்காப்பொலவில் வேலை செய்த ஹோட்டல் ஞாபகம் வந்துவிட்டது.

கண்டி வீதியோரம், தூரத்து பஸ்கள் நிறுத்திச் சாப்பிடும் ஹோட்டல் அது. பகல் ஷிப்டுக்கு நான்தான் பொறுப்பு. பெரிதாக நினைக்காதீர்கள், மற்றவர்களுக்கு நீல ஏப்ரன், எனக்குக் கறுப்பு. அவ்வளவுதான் வித்தியாசம்.

வேலை தொடங்குமுன் யாருக்கு எந்த மேசை என்று பிரித்துக் கொடுப்பேன். அதற்கும் முன்னால், "வீட்டுல எல்லாம் எப்பிடி?" என்று ஒவ்வொருவரையும் கேட்பேன். முதலாளிக்கு அது பிடிக்காது. வீட்டை வாசலோடு விட்டுவிட்டு வரவேண்டும் என்பார். நான் தோட்டத்து லயத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள் கட்டிய குடியிருப்பில் வளர்ந்தவள். அடுத்த காம்பராவில் தும்மினாலும் காதில் விழும். எனக்கு எப்படி விடத் தெரியும்?

அன்று விடிந்தும் மழை விடவில்லை. மேசை பார்க்கும் ராணியைக் கேட்டதும் அவள் கண் கலங்கிவிட்டது. அவள் வீடு புளத்கொகுபிட்டியப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில்.

"லயத்துக்குப் பின்னால மேடு வெடிச்சிருக்காம் அக்கா. மண் சரியும்னு எல்லாரும் ஸ்கூல்ல போய்த் தங்கிட்டாங்க. அப்பா மட்டும் வரமாட்டேங்கிறாரு. அம்மா செத்த வீட்ட விட்டு எங்கயும் போவ மாட்டாராம். இப்ப போனும் வேலை செய்யல."

அந்த நேரம் பார்த்து யாத்திரை பஸ்கள் வரிசையாக வந்து நின்றன. "பஸ் போன பிறகு போகட்டும்" என்று முதலாளி சிங்களத்தில் சொல்லிவிட்டார். ராணி தட்டைத் தூக்கினாள்.  அவள் தோட்டத்துக்குப் போகும் வீதியில் பஸ்ஸும் ஓடவில்லை என்று கேள்வி.

சமையல் பார்க்கும் எங்கள் கோக்கி, பந்து என்ற சிங்களவர், சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அவரிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. என்னைத் தங்கச்சி முறையில் நங்கி என்றுதான் கூப்பிடுவார்.

"நங்கி, நான் கூட்டிப் போறது. பருப்பு மட்டும்தான் பாக்கி. நீங்க பாருங்க."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்து நின்றார்.

"போங்க" என்றேன்.

பிறகு நான் அடுப்படியில் நின்றேன். என் சமையல் லட்சணம் வீட்டாருக்குத் தெரியும், பருப்பு கரிந்தது. ஒருவர் தட்டைத் தள்ளிவிட்டுக் கத்தினார். ஆனால் நான் சொல்லாமலே மேசை பார்க்கும் மற்றப் பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு மேசை கூடுதலாக எடுத்துக்கொண்டு ஓடினார்கள்.

முதலாளி சமையலறை வாசலை மறித்து நின்றார்.

"யார் அனுப்பினது?"

"நான்தான் மாத்தயா. நான் சொல்லித்தான் அவரு போனாரு."

பின்னேரம் பந்து டவுனுக்கு வந்து போனில் பேசினார். தகப்பன் எழும்பவே மாட்டேன் என்றாராம். ராணி வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாளாம். "நீங்க வராட்டி நானும் இங்கயேதான் இருப்பேன்" என்றாளாம். அதன்பிறகுதான் அவர் எழுந்தார். ஸ்கூலுக்குப் போய்ச் சேர்வதற்குள் பின்னால் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் லயத்தின் மேல் மண்.

கேட்டதும் அப்படியே அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் என் கறுப்பு ஏப்ரன் முதலாளியின் சொந்தக்காரருக்குப் போனது. அது எனக்குப் பெரிதில்லை. பந்துவை வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். "அனுப்பினது நான், என்னைய நிப்பாட்டுங்க" என்று போய்ச் சொன்னேன். முதலாளி காசை எண்ணிக்கொண்டே இருந்தார். பந்து சிரித்துக்கொண்டே கத்தி, துணியெல்லாம் பையில் போட்டார். "யோசிக்க வேணாம் நங்கி" என்றார். யோசிக்காமல் எப்படி? இன்றைக்கும் நெஞ்சில் அதுதான் கிடக்கிறது.

பிறகு அவர் வேலை தேடிக் கட்டார் நாட்டுக்குப் போனார். ராணி தகப்பனைக் கூட்டிக்கொண்டு கொழும்புப் பக்கம் போய்விட்டாள். வாடகை அறையில் அந்த மனுஷன் எப்போது வீட்டுக்குப் போவது என்று தினமும் கேட்டாராம். பிறகு அவளுடைய நம்பரும் மாறிவிட்டது.

ஹோட்டலை விற்றுவிட்டார்கள், இப்போது டைல்ஸ் கடை. லயம் இருந்த இடத்தில் புல் மண்டிவிட்டதாம். அவர்கள் காம்பரா எதுவரைக்கும் இருந்தது என்று ராணியே வந்து நின்றாலும் இனிக் காட்ட முடியாது என்கிறார்கள்.