முளை நெல் வாசனை

கேஸ் அடுப்பை மூடினோமா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வந்து பார்க்கிற ஆள் நான். எட்டாம் வகுப்பில் ஒட்டிக்கொண்ட வியாதி இது.

ஆட்சி மாறிய புதிது. குத்தகைக்காரனை இனி யாரும் நிலத்தைவிட்டு இறக்க முடியாது என்று மேடை போட்டுச் சொன்னார்கள். மேடையைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். மிராசுதார் ஊரிலேயே இருந்தார். அப்பாவின் குத்தகை நிலத்தைத் திருப்பிக் கேட்டுக்கொண்டும் இருந்தார். முந்திக்கொண்டு நாற்று விட்டுவிட்டால் பயிரில் கைவைக்க யோசிப்பார்கள் என்பது அப்பாவின் கணக்கு. பெரியப்பாவும் அப்படி நினைத்துத்தான் விதை நெல்லை ஊறவைத்துக் களத்தில் மூடி வைத்திருந்தார். யாரோ மூட்டையைக் கிழித்து வெயிலில் இறைத்துவிட்டார்கள். முளைவிட்ட நெல் ஒரே பொழுதில் செத்தது.

அதனால் எங்கள் விதை வீட்டுக்குள் வந்தது. வாய்க்காலில் ஊறிய மூட்டையை, நானும் தம்பியும் படுக்கும் அறையில் வைக்கோலுக்கு அடியில் வைத்து ஜன்னலைச் சாத்தினார் அப்பா. யார் கேட்டாலும் இன்னும் ஊறப் போடவில்லை என்று சொல்ல வேண்டும்.

அந்த வாரம் பார்த்து அறிவியல் வாத்தியார் சுவாசம் நடத்தினார். மூச்சு என்பது மூக்கோடு முடிகிற காரியம் இல்லையாம். உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் குளுக்கோஸ் ஆக்சிஜனோடு சேர்ந்து படிப்படியாக உடைகிறது. அதில்தான் தெம்பு கிடைக்கிறது, மிச்சம் சூடாகப் போகிறது, கரியமில வாயுவும் தண்ணீரும் வெளியே வருகின்றன. முளைக்கிற விதையும் தன் மாவைச் சர்க்கரையாக்கி இப்படித்தான் உடைக்கிறது. காற்று இல்லாவிட்டால் சர்க்கரை பாதி உடைந்து சாராயமாகிவிடும், விதையும் வீணாகும் என்றார். சாராயம் என்றதும் வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு ஓடி மூட்டைக்குள் கையை விட்டேன். காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுட்டது. விதை மூச்சு முட்டிச் சாகப்போகிறது என்று ஒரு பயம்; அறையிலுள்ள காற்றையெல்லாம் அதுவே இழுத்துக்கொண்டால் தம்பி என்ன ஆவான் என்று இன்னொரு பயம். அப்பாவிடம் சொன்னேன்.

"சூடு இருந்தாத்தான் அதுக்கு உசிரு இருக்குன்னு அர்த்தம். போய்ப் படி."

சொன்னாரே தவிர, மூட்டை வாயை அவிழ்த்துக் கிளறி, தண்ணீரும் தெளித்தார். எனக்கு அது போதவில்லை. அவர் அந்தப் பக்கம் போனால் நான் கிளறுவேன். மறுநாள் பள்ளிக்கூடம் கிளம்பும்போதும் முழங்கை வரை விட்டுக் கிளறிவிட்டுத்தான் போனேன்.

அன்றைக்கு வாத்தியார் மேஜைமேல் ஒரு பிளாஸ்க்கும் தெர்மாமீட்டரும் இருந்தன. விதை வெளிவிடும் சூட்டை அளந்து காட்ட முளை நெல் வேண்டும், யார் வீட்டில் இருக்கிறது என்று கேட்டார். நான் குனிந்துகொண்டேன். என் பெஞ்சில் பக்கத்தில் இருந்தவள் மிராசுதாருடைய காரியஸ்தரின் மகள், என் சிநேகிதி. எங்கள் வீட்டுச் சேதியைத் தினமும் அவள் அப்பா கேட்கிறார் என்று அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள். அவள் என் கையை இழுத்து மோந்து பார்த்தாள்.

"இன்னும் ஊறப் போடலைன்னு சொன்னே?"

"போடலைடி."

"அப்ப இது என்ன, புதுசா வாங்குன சென்ட்டா?"

வாத்தியார் எங்கள் பக்கம் திரும்பினார். அவள் எழுந்து நின்றாள். "யார் வீட்லயும் இல்ல சார்." உட்கார்ந்தவள் அப்புறம் என்னிடம் பேசவே இல்லை.

அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று சாயங்காலம் அம்மாவிடம் அழுதேன். முளை இன்னும் கொஞ்சம் நீளட்டும் என்று காத்திருந்த அப்பா, மறுநாள் விடியலிலேயே நாற்றங்காலில் விதையைத் தெளித்துவிட்டார். நான் வகுப்புக்குப் போனபோது அவள் கடைசி பெஞ்சுக்கு மாறியிருந்தாள்.

காட்டிக்கொடுத்துவிட்டாள், அதனால்தான் என் முகத்தில் விழிக்கவில்லை என்று முடிவு செய்தேன். யாராவது நாற்றங்காலை மிதிக்க வருவார்கள் என்று தினமும் ஓடிப்போய்ப் பார்த்தேன். யாரும் வரவில்லை. நாற்று பச்சை பிடித்தது. அவள் மட்டும் என் பெஞ்சுக்குத் திரும்பி வரவில்லை. அந்த வருஷத்தோடு நானும் படிப்பை நிறுத்திவிட்டேன்.

என் பக்கத்தில் உட்காராதவளிடம் அவள் அப்பா என்ன சேதியைக் கேட்க முடியும்? இது எனக்குப் புரிந்தபோது என் மகளே எட்டாம் வகுப்பு முடித்திருந்தாள். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், பெஞ்சில் என் பக்கத்து இடம் காலியாக இருக்கிறது என்பதுதான்.