ராஜினாமாவுக்கு ஒரு வருட அவகாசம்

"இந்த ஒரு வாரம் மட்டும் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒன்பது வருடங்களுக்கு முன்பு அவள் எழுதினாள். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை.

மருந்துக் கிடங்கு ஒன்றில் அவளுக்குக் கணினி வேலை. எந்தப் பெட்டி எப்போது காலாவதியாகிறது என்று எச்சரிக்கும் நிரலை ஒரு கணினி மொழியில் எழுதியிருந்தாள். அந்த மொழிக்கு முதலாளி கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், யார் வேண்டுமானாலும் திருத்தம் சொல்லலாம். வாய் ஓயாமல் சொல்லவும் சொல்வார்கள். என்ன பதிப்பு வந்தது, எங்கே பாதுகாப்பில் ஓட்டை விழுந்தது என்று திரட்டி, ஞாயிறுதோறும் காலையில் அந்த மொழிக்காரர்களின் இணையக் குழுவுக்கு ஒரு செய்தி இதழ் வரும். தொகுத்துக்கொண்டிருந்தவர் காய்ச்சலில் படுத்தார். இவள் கையைத் தூக்கினாள். அவருக்குக் காய்ச்சல் விட்டது, ஆனால் இதழ் பக்கம் அவர் தலைவைத்தே படுக்கவில்லை. புத்திசாலி.

அன்றிலிருந்து அவள் எல்லோருக்கும் 'வாரச்செய்தி அக்கா'. நன்றி சொல்லி வந்த கடிதங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். குறை சொல்லி வந்தவற்றை எண்ண உட்கார்ந்தால் பொழுது போய்விடும். ஒருவர் ஒவ்வொரு வாரமும் "இதழ் அருமை, ஆனாலும்" என்றுதான் தொடங்குவார். அவருக்கு அவள் 'ஆனாலும் அண்ணன்' என்று பெயர் வைத்திருந்தாள்.

கணவர் பஸ் ஓட்டுநர். ஞாயிறு ஒன்றுதான் விடுமுறை. மூன்று மணி நேரப் பயணத் தொலைவில் அவருடைய தங்கை குடியேறி ஒன்றரை வருடமாகிறது. ஞாயிறென்றால் இவளுக்கு இதழ் வேலை, அதனால் ஒவ்வொரு முறையும் அவர் தனியாகத்தான் போய்வந்தார். போன மாதம் திரும்பி வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அண்ணிக்கு எம்மேல என்ன கோவம்னு கேட்டு அழறா. நான் என்னன்னு சொல்லட்டும்? கம்ப்யூட்டருக்கு நியூஸ் எழுதறான்னா?"

அவளுக்குச் சுருக்கென்றது. கல்யாணமாகி வந்த புதிதில் அந்த வீட்டில் அவளோடு முதலில் வாய்விட்டுச் சிரித்தவள் அந்த நாத்தனார்தான். அன்று மாலையே குழுவுக்கு எழுதிவிட்டாள்: "நான் விலகுகிறேன். அடுத்த மாதம் முதல் ஞாயிறிலிருந்து யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்."

அந்தக் குழுவில் எந்தக் கோரிக்கைக்கும் ஓர் எண் கொடுத்து, அதன் கீழ் விவாதிக்காமல் ஒரு துரும்பும் அசையாது. அவள் விலகலுக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். இதழை ஞாயிறிலிருந்து திங்களுக்கு மாற்றலாமா, பொறுப்பாளர் என்பதா ஆசிரியர் என்பதா என்று மூன்று வாரம் அடித்துக்கொண்டார்கள். கடைசியில் ஆனாலும் அண்ணன் விதியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மொழியிலிருந்து ஒரு பழைய வசதியை நீக்குவதென்றால், இரண்டு பதிப்புகளுக்கு முன்னெச்சரிக்கை தர வேண்டும். அதே விதி அக்காவுக்கும் பொருந்துமாம். ஆறு மாதத்துக்கு ஒரு பெரிய பதிப்பு, இரண்டு பதிப்பு என்றால் ஒரு வருடம். முப்பத்தெட்டுப் பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். நான் எடுத்துச் செய்கிறேன் என்று ஒரு ஜென்மம் வாயைத் திறக்கவில்லை.

"நான் என்ன பழைய வசதியா?" என்று திரையைப் பார்த்துக் கத்தினாள்.

"எனக்கு ஒரு ஞாயித்துக்கிழமைகூட வசதிப்படலையே" என்றார் கணவர், சட்டைக்கு இஸ்திரி போட்டபடி.

சொன்ன ஞாயிறு வந்தது. அவள் இதழைத் தொடவில்லை. ஒன்பது மணிக்கு பஸ். எட்டே காலுக்கே இருவரும் தயார். "ஒரே ஒரு தடவை பாத்துடறேன்" என்று போனை எடுத்தாள். அதுதான் அவள் செய்த தப்பு.

இதழ் வராததால் கூட்டம் கொதித்துப்போயிருந்தது. தான் எழுதிய புது நிரல் தொகுப்பைப் பற்றி இனி யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்டு, ஒருவர் அதன் விவரம் முழுவதையும் எழுதியிருந்தார். குழுவின் சந்திப்பு தள்ளிப்போனதை யார் அறிவிப்பது என்று இன்னொருவர், புதுத் தேதியோடு. ஆளுக்கொன்றாகத் திட்டித் திட்டி, அந்த வார இதழையே எழுதி முடித்திருந்தார்கள். இதைச் செய்ய ஒன்பது வருடமாக இவர்களுக்கு என்ன கேடு என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதில் ஆனாலும் அண்ணன், ஓட்டை அடைத்த பதிப்பு என்று ஓர் எண்ணைப் போட்டிருந்தார். அது ஓட்டை இருக்கிற பதிப்பு. மறுநாள் எத்தனை அலுவலகங்களில் அதை நம்பி நிறுவுவார்களோ. அவள் ஒரே வரியில் திருத்தினாள். "நன்றி அக்கா, ஆனாலும் ஆதாரம்?" என்று பதில் வந்தது. ஆதாரம் தேடி, ஒட்டி, விளக்கி, அவர் ஒப்புக்கொள்வதற்குள் உயிர் போய்விட்டது. நிமிர்ந்தபோது மணி ஒன்பதே கால். வீட்டில் அவரும் இல்லை, பையும் இல்லை.

பஸ் நிறுத்தத்துக்கு ஓடினாள். அவர் பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"போகலையா?"

"ஏறிட்டேன். மனசு கேக்கல, அடுத்த ஸ்டாப்புல எறங்கி நடந்து வந்தேன். இனிமே பதினொண்ணுக்குத்தான் பஸ். அந்த போனை இப்படிக் குடு."

வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தன் போனில் தங்கையை அழைத்து அவளிடம் நீட்டினார்.

"பதினொரு மணி பஸ்ல நானும் வரேம்மா. இந்தத் தடவை நிச்சயம்."

நாத்தனார் கணக்கு வைத்திருந்தாள்.

"மூணு தடவை உங்களுக்கும் சேத்துச் சமைச்சு வெச்சேன் அண்ணி. நீங்க பஸ்ல ஏறி உக்காந்ததும் சொல்லுங்க. அப்புறம் அடுப்பைப் பத்த வெக்கறேன்."

சரி என்று சொல்லி, போனை அவரிடம் கொடுத்துவிட்டு, பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.